தொட்டிக்குள் இடச்சுழி

களத்தின் தென்கோடியில் இன்று காலையிலும் வெறும் தேங்காய்த் தொட்டிகள் கிடந்தன. உள்ளே இருந்த கொப்பரையை யாரோ வழித்தெடுத்திருந்தார்கள். ஒன்றில்கூடப் பல் பட்ட தடம் இல்லை.

"எலியில்லீங்க," என்றார் மேஸ்திரி அங்கப்பன். "எலி இத்தன சுத்தமாத் திங்காது. இது கத்தி புடிச்ச கை."

மனோஜ்குமார் ஒரு தொட்டியை வெயிலில் திருப்பிப் பார்த்தான். மனைவி ரித்திகா இறந்த பிறகு கோவை வேலையை விட்டுவிட்டு, காங்கேயத்தில் அப்பாவின் கொப்பரைக் களத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவன். காய்ந்த தேங்காய் மூடிகளைப் பெண்கள் தோண்டுவதைப் பார்த்தபடி நாளெல்லாம் உட்கார்ந்திருப்பான். யாராவது பேசினால் தலையாட்டுவான். இப்போது சந்தேகப்படுவதற்காவது ஒன்று கிடைத்தது.

தொட்டிக்குள் கீறல்கள் வட்டமாக ஓடின. பெண்கள் தோண்டிப் போட்ட குவியலிலிருந்து சிலவற்றை எடுத்து அருகில் வைத்தான். அவற்றில் கீறல் வலப்பக்கம் சுழன்றது. திருடுபோனவற்றில் இடப்பக்கம். வலம்புரியும் இடம்புரியும் போல.

"நம்மகிட்ட நொட்டாங்கைக்காரங்க யாரு, மேஸ்திரி?"

"ஒருத்தருமில்லீங்க. நம்ம எண்ணெய் கோயில் வெளக்குக்குப் போறது. நொட்டாங்கையில தோண்டறவங்கள உங்கப்பா சேத்திக்கவே மாட்டாரு."

அப்படியென்றால் யாரோ மறைக்கிறார்கள். அன்று டீ கொடுக்கும்போது கவனித்தான். எல்லோரும் வலக்கையில்தான் வாங்கினார்கள். கனகம் மட்டும் டம்ளரோடு தென்கோடிச் சுவரோரம் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள். எப்போதும் அங்கேதான் வேலை செய்வாள்.

அவள் டம்ளரைக் கீழே வைத்ததும் மனோஜ் கையிலிருந்த கொய்யாவை வீசினான். "கனகக்கா, புடிங்க."

இடக்கை எழுந்து பிடித்தது. உடனே பழம் வலக்கைக்கு மாறியது.

"நொட்டாங்கையாக்கா?"

"பொறந்ததுல இருந்துங்க தம்பி. எங்கம்மா அடிச்சுப் பாத்துச்சு, சோறு போடாம வெச்சுப் பாத்துச்சு, மாறல. ஆளு பாத்தா சோத்தாங்கையில தோண்டுவன். அது வெரசா வராது. அதான் தள்ளி உக்காந்துக்கறது."

"மறைக்கறதுக்கு வேற காரணமில்லீங்களே?"

கனகம் பழத்தைக் கீழே வைத்தாள். "கேக்கறத நேராக் கேளுங்க."

தொட்டியை நீட்டினான். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அதை வாங்கவில்லை.

"நாளையிலிருந்து வர வேண்டாமுங்க," என்றான்.

ஆனால் மறுநாளும் தொட்டிகள் காலியாகக் கிடந்தன. சுவரேறி வருகிறாள் என்று மனோஜ் முடிவுகட்டினான். அடுத்த நாள் விடியும்போதே வந்து சாக்கு அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

சுவரேறி வந்தது குரங்கு. காது கிழிந்த கிழட்டு ஆண். உடைந்து கிடந்த ஓட்டுச் சில்லுகளில் இரண்டைப் புரட்டிப் போட்டுவிட்டு மூன்றாவதை இடக்கையில் எடுத்தது. வலக்கையில் மூடி. கடிக்கவில்லை. சில்லை விளிம்பில் செருகிச் சுற்றிலும் சுரண்டி, பருப்பை நெம்பி எடுத்துத் தின்றது. மனோஜ் போனில் படம்பிடித்தான்.

வெயில் ஏறுமுன் கனகத்தின் வீட்டு வாசலில் நின்றான். அவள் படத்தை முழுதும் பார்த்தாள்.

"இதுங்களா. நான் தோண்டறப்ப செவுத்து மேல உக்காந்து பாத்துக்கிட்டே கெடக்கும். தொரத்த மனசு வரல." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "வாரனுங்க. ஆனா அத்தன பேரு முன்னால வெச்சுத்தான என்னையத் திருடியாக்கினீங்க? அத்தன பேரு முன்னாலயே இல்லைன்னு சொல்லோணும்."

"சொல்றனுங்க்கா."

மறுநாள் கனகம் தன் இடத்தில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க முதல்முறையாக இடக்கையில் கத்தி எடுத்தாள். சொல்வதற்கு முன் மனோஜ் படத்தைக் காட்டினான். போன் கைமாறிக் கைமாறிப் போனது.

"அடியே, உன்னையவிட வெரசாத் தோண்டுதுடி."

"கூலிக்கு வெச்சுக்கலாமுங்க. டீகூடக் கேக்காது."

அங்கப்பன் மட்டும் சிரிக்காமல் இரண்டாம் முறையும் பார்த்தார். "அதெல்லாஞ் சரீங்க. கொரங்குக்கு இத ஆரு பழக்குனது? அதுவும் நொட்டாங்கையில?"

சிரிப்பு அடங்கியது. பதில் மனோஜுக்குத் தெரியும். குரங்கிலும் இடக்கைக்காரன் உண்டு. பசித்த குரங்கு பார்த்தே கற்றுக்கொள்ளும். வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் அவன் கண் கனகத்தின் கைக்குப் போய்விட்டது. ஒரு நொடிதான்.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா, இருங்க. நான் சொல்ல வந்தது..."

"அதத்தானுங்க தம்பி இப்பக் கண்ணுலயே சொல்லிப்போட்டீங்க."

பஸ் நிறுத்தம்வரை பின்னாலேயே போனான். குரங்கு தானாகத்தான் கற்றுக்கொண்டது, அவள்மேல் தப்பில்லை என்று அங்கே நின்று சொன்னான், தெளிவாக, இரண்டு முறை. கேட்க அவளைத் தவிர யாருமில்லை. அவள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டாள்.