இரண்டிலிருந்து மூன்றுக்கு

1

இந்தக் கதை ஒரு பல்சக்கரத்திலிருந்து வந்தது. எழுதுகிற காகிதம் பறக்காமல் இருக்க இப்போது அதைத்தான் மேலே வைத்திருக்கிறேன். போன மாதம் தையல் மிஷினுக்குச் சக்கரம் தேடித் தூத்துக்குடியில் ஒரு காயலான் கடைக்குப் போனேன். அங்கே மெக்கானிக் இசக்கியப்பன் ஒரு பழைய நீல ஸ்போர்ட்ஸ் காரைப் பிரித்துப் போட்டு, கியர் பெட்டியைச் சாக்கின் மேல் பரப்பியிருந்தார்.

“இங்கன பாருங்கக்கா. ரெண்டாவது கியரு பல்லு மழுங்கிக் கெடக்கு. மூணும் நாலும் நல்லாத்தான் இருக்கு. கடைசியா ஓட்டுனவன் ரெண்டுலயே போட்டு உருட்டியிருக்கான். கியர் மாத்தத் தெரியாத பய.”

“அவருக்குத் தெரியும்” என்றேன்.

“ஆளு உங்களுக்குப் பழக்கமா?”

இல்லை என்று சொல்லிவிட்டு, அந்த இரண்டாவது கியர் சக்கரத்தைக் கேட்டு வாங்கி வந்தேன். தையல் மிஷின் இன்னும் சக்கரமில்லாமல்தான் கிடக்கிறது.

2

முதல் தொடக்கம்: ‘உப்பளங்களுக்கு நடுவே ஒரு நீலக் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு—’

வேண்டாம். அந்தக் கார் காற்றைக் கிழிக்கவில்லை. எங்கள் ஊர்க் காற்றுதான் காரின் மேல்துணியைக் கிழித்தது.

இரண்டாவது: ‘மெட்டில்டா அழகானவள்.’

இதுவும் வேண்டாம். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது: ‘எழுபத்து நாலில் புதுத்துறைமுகம் திறந்தது. கப்பல் எல்லாம் அங்கே போய்விட்டது. கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் மட்டும் பழைய துறைமுகத்துக்கு எதிரிலேயே இருந்தது. தினமும் காகிதங்களைக் கப்பலுக்குக் கொண்டுபோகும் வேலை டைப்பிஸ்ட் மெட்டில்டாவுக்கு வந்தது. வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன இரண்டு இருக்கைக் காரில் போவாள். ஓட்டுகிறவர் இஞ்ஞாசி.’

இது தேவலை. இப்படியே போகலாம்.

3

இஞ்ஞாசிக்குக் காது கேட்காது.* கடைசியாக நடந்த முத்துக்குளிப்பில், பத்துப் பாகம், அதாவது அறுபதடி ஆழத்தில், காதுக்குள் ஏதோ உடைந்து ரத்தம் வந்தது. பிறகு வருடத்துக்குக் கொஞ்சமாகக் குறைந்து முழுக்கவே போய்விட்டது. தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று தெரியாததால் அவர் பேச்சையும் குறைத்துக்கொண்டார்.

(* லைசென்ஸ் எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்பீர்கள். வாங்கும்போது ஒரு காது கொஞ்சம் மிச்சமிருந்தது. மற்றபடி கைநாட்டு போதும்.)

4

கியரை எப்போது மாற்றுவது? கதையை இங்கே நிறுத்திவிட்டு இதைச் சொல்லியாக வேண்டும்.

சீக்கிரம் மாற்றினால் வண்டி குலுங்கும், திணறும். தாமதித்தால் இன்ஜின் கத்தும், சூடேறும். இரண்டுக்கும் நடுவில் இன்ஜின் ஒரே சுருதியில் முனகுகிற இரண்டு மூன்று நொடி உண்டு. அப்போது கிளட்சை மிதித்து மாற்றினால், மாற்றியதே தெரியாது. காது உள்ளவர்களுக்கு அதைக் காது சொல்லிவிடும். காது இல்லாதவருக்காக அந்தக் காரில் ஒரு முள் இருந்தது. இன்ஜினின் சுற்று ஏற ஏற முள்ளும் ஏறும். எந்த இடத்தில் மாற்றுவது என்று வெள்ளைக்காரர் சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு போட்டிருந்தார். முள் கோட்டைத் தொட்டால் மாற்று. இஞ்ஞாசி கோட்டைப் பார்த்தே ஓட்டினார்.

முள் முறிந்தது மெட்டில்டா முதன்முதலில் ஏறிய அன்று.

வண்டி முதல் கியரிலேயே கத்திக்கொண்டு போனது. உப்பு வாரும் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். “மாத்துங்க” என்று அவள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவராகவே சொன்னார்:

“முள்ளு இன்னும் கோட்டுக்கு வரலிய.”

முள் பூஜ்யத்தில் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல், கியரின் மேலிருந்த அவருடைய இடது கையின் மேல் என் விரலால் ஒரு தட்டு—

(‘என் விரலால்’ என்று வந்துவிட்டது. அடித்துத் திருத்தப் போனேன். அடிக்கவில்லை. மெட்டில்டா நான்தான். பெயரை மட்டும் மாற்றினேன். அவர் பெயரையும்தான்.)

5

வண்டியை நிறுத்தி அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. கூப்பாடு போடுகிற குரலில் சொன்னார்.

“முங்கயில கயித்த ஒரு இழு இழுத்தா மேல தூக்கிருவாவ. அது கணக்கா நீங்க தட்டுங்க. ஒரு தட்டுன்னா மேல, ரெண்டு தட்டுன்னா கீழ. சரியா?”

சரி என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு ஒரு வருடம். இங்கிலாந்திலிருந்து புது முள் வரவில்லை. வரக்கூடாது என்று மாதா கோயிலில் வேண்டிக்கொண்டேன். தினமும் போக மூன்று தட்டு, வர மூன்று தட்டு. மாடு குறுக்கே வந்தால் கூடுதலாக இரண்டு. எனக்கு மாடுகளைப் பிடித்துப்போனது.

போகப்போக ஒரு சந்தேகம் வந்தது. பத்துப் பாகம் ஆழத்தில் கண்ணும் காதும் இல்லாமல் உடம்பாலேயே கடலை அறிந்தவர் அவர். இன்ஜின் நடுங்குவது சீட்டில் தெரியும், மிதியடியில் தெரியும், பிடித்திருக்கிற கியரில் தெரியும். இவருக்கா தெரியாமல் இருக்கும்? தெரிந்துகொண்டே என் விரலுக்காகக் காத்திருக்கிறாரோ? அதை நினைத்து எத்தனையோ நாள் தப்புத்தப்பாக டைப் அடித்திருக்கிறேன்.

தெரிந்துகொள்ள ஒரு வழிதான் இருந்தது. தட்டாமல் இருந்து பார்ப்பது.

6

கல்யாணம் முடிவாகி வேலையை விட்ட கடைசி நாளில் அதைச் செய்துவிடுவது என்று கையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன்.

முடியவில்லை. இரண்டிலிருந்து மூன்றுக்கு, பதற்றத்தில் கொஞ்சம் முன்னதாகவே தட்டிவிட்டேன். அவர் உடனே மாற்றினார். வண்டி திணறியது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான்.

ஆபீஸ் வாசலில் இறங்கும்போது கேட்டார், தெருவுக்கே கேட்கிற மாதிரி:

“இனி எனக்கு யாரு சொல்லுவா?”

எல்லோரும் சிரித்தார்கள். “நான் சொல்லுதேம்லே, வண்டிய ஓரமா விடு” என்றார் ஹெட்கிளார்க் கிருபாநிதி. நானும் சிரித்தேன். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இது எழுபத்தொன்பதாம் வருடம். அவர் மணப்பாட்டில் தங்கை வீட்டில் இருக்கிறார். நேரே போய்க் கேட்கலாம். ஆனால் அந்தக் கேள்வியை எவ்வளவு உரக்கக் கேட்டாலும் மணப்பாடு முழுக்கக் கேட்கும், அவருக்குக் கேட்காது. எழுதிக் காட்டலாமென்றால் அவருக்கு எழுத்து தெரியாது. இந்தக் கதையையும் வாசிக்க மாட்டார். என் கணவர் வாசிப்பார். வாசித்துவிட்டு, “ஸ்போர்ட்ஸ் காருக்கு நாலு கியர்தானா?” என்பார். நல்ல மனிதர்.

7

முடிவு ஒன்று: நான் தட்டவில்லை, அவராகவே மாற்றினார். அப்படியானால் அந்த ஒரு வருடமும் எனக்காகத்தான்.

முடிவு இரண்டு: அவர் மாற்றவில்லை. அப்படியானால் உடைந்த முள்ளுக்குப் பதிலாக வைத்த முள் நான்.

இந்தப் பல்சக்கரத்தைக் கேட்டால் இரண்டுக்கும் தலையாட்டுகிறது. நான் போனபின் அவர் இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. தெரியாமலா, மனமில்லாமலா? தேய்ந்த பல்லில் அது தெரியாது.

முதல் முடிவை நாலு தடவை எழுதினேன். நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் ‘அவர் கியரை மாற்றினார்’ என்று நான் எழுதினால், மாற்றச் சொன்னது யார்? மறுபடியும் நான்தான் தட்டியிருக்கிறேன். ஆகவே நாலையும் கிழித்துவிட்டேன்.

8

கடைசி நாள். உப்பளங்களுக்கு நடுவே ரோடு நேராகக் கிடக்கிறது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு நான் தட்டினேன். இனி இல்லை. இரண்டு கையையும் ஃபைலின் மேல் அழுத்தி வைத்திருக்கிறேன்.

இன்ஜின் ஏறுகிறது. அந்த இரண்டு மூன்று நொடியும் வந்து போய்க்கொண்டிருக்கிறது. உப்பு வாருகிற பெண்கள் நிமிர்கிறார்கள். அவருடைய இடது கை கியரின் மேல் இருக்கிறது.

உங்களுக்கு விரல் துடிக்கும். எனக்கும்தான் துடிக்கிறது.

தட்டிவிடாதீர்கள். அவர் கையையே பார்த்துக்கொண்டிருங்கள்.