சுறாவுக்கு ஒரு மூலை

கடல் பார்க்க வேண்டுமென்றால் ராஜபாளையத்துக்காரர்கள் தூத்துக்குடிக்குப் போவார்கள். வல்லரசு கடலையே நான்கு டேங்கர் லாரிகளில் வரவழைத்து, தன் புது ஹோட்டலின் கண்ணாடித் தொட்டியில் ஊற்றினார். அதில் இரண்டடி நீளக் கருப்பு நுனிச் சுறாக்குட்டி ஒன்றை விட்டார். பார்த்துக்கொள்ள விலங்கியல் மூன்றாமாண்டு மாணவன் சாம்சனை வைத்தார். அவன் சுறாவைப் பற்றித் தேர்வே எழுதியிருக்கிறான், ஐந்து மதிப்பெண்ணுக்கு.

மூன்று நாளாகச் சுறா நிற்கவில்லை. சாம்சனும் தூங்கவில்லை. பவளத்திட்டின் முழங்கால் ஆழத் தண்ணீரில், முதுகுத் துடுப்பின் கருப்பு நுனி வெளியே தெரிய ஓயாமல் திரிகிற இனம் அது. நீந்தினால்தான் வாய்வழியே தண்ணீர் புகுந்து செவுளைக் கடக்கும், நின்றால் மூச்சில்லை. இதை வல்லரசிடம் இரண்டு முறை சொன்னான். அவர் இரண்டு முறையும் தலையாட்டினார்.

மறுநாள் திறப்புவிழா. போட்டோவுக்கு மீன் ஓரிடத்தில் நிற்க வேண்டுமே என்பது வல்லரசின் கவலை. நாய் வளர்ப்பதில் பேர்போன வீரணன் வழி சொன்னார். புது நாய் இருப்புக்கொள்ளாமல் சுற்றினால், பலகை வைத்து ஒரு பகல் மூலையில் அடைப்பார்கள். வீடு பழகிப் படுத்துவிடும்.

சாம்சன் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில், கல்லூரி அலுவலகத்தில் ஹால்டிக்கெட் வரிசையில் நின்றான். வல்லரசு போனில் அழைத்தார்.

“சாம்சா, மூணு நாளா உன்னால ஏலாதத வீரணன் அஞ்சு நிமிசத்துல முடிச்சிட்டாரு. மூலையில பலகைய எறக்குனோம். மீனு படுத்துட்டு.”

“பலகைய எடுங்க மொதலாளி. இப்பவே எடுங்க.”

“இப்பத்தாம்லே கண்ணசருது. எழுப்பச் சொல்லுதியே.”

அதன்பின் அவர் போனை எடுக்கவில்லை. சாம்சனுக்கு முன்னால் இரண்டே பேர்தான் மிச்சம்; விட்டுவிட்டு ஓடினான். பேருந்தில் இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. முன்படிக்கும் பின்படிக்கும் நடந்தான். உள்ளே நடப்பதால் ராஜபாளையம் சீக்கிரம் வராது என்று நடத்துநர் நிதானமாக விளக்கினார்.

போனதும் சட்டையோடு தொட்டிக்குள் குதித்தான். பலகையைப் பிடுங்கினான். தரையில் கிடந்த சுறாவை இரு கையாலும் ஏந்தி, தலை முன்னால் இருக்கும்படி நெஞ்சளவுத் தண்ணீரில் நடந்தான். செவுள் அசையவே இல்லை. அரைமணி நேரம் சுற்றினான். கால் மடங்கியது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீரணன் இறங்கினார்.

“குடு இங்கன. முப்பது வருசமா நாயோட நடந்த காலு இது.”

அவருடைய நான்காவது சுற்றில் செவுள் லேசாகத் திறந்தது. ஏழாவதில் வால் அவர் வயிற்றில் அறைந்தது. சுறா கையைவிட்டுப் பாய்ந்தது. வீரணன் பலகையை எடுத்துத் தொட்டிக்கு வெளியே எறிந்தார்.

வல்லரசு கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்.

“இனி எப்பத்தாம்லே நிக்கும்?”

“நிக்காது மொதலாளி. நின்னா செத்துட்டுன்னு அர்த்தம்.”

அவர் கேமராக்காரருக்குப் போன் போட்டு, நாளைக்குப் போட்டோ வேண்டாம், வீடியோவே எடுத்துவிடலாம் என்றார்.