தனித்தனிப் பாத்திரம்

திருப்பதியில் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்குப் பாத்திரம் கழுவுகிற வேலை. பாத்திரம் என்றால் கண்ணாடிக் குடுவைகளும், பென்சிலைவிட மெல்லிய நீளக் குழாய்களும்தான். எங்கள் தெருவில் பாதிப்பேர் ஸ்ரீபெரும்புதூர் செல்போன் கம்பெனிக்குக் கிளம்பிப்போன வருஷம் அது. ஒன்பதாவதோடு நின்ற நான் திருச்சானூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் இங்கே வந்துகொண்டிருந்தேன். யாரும் என்னைப் பேசச் சொல்லாததால் பிடித்திருந்தது.

தேவயானி அக்கா மட்டும் பேசுவாள். புத்தூர்க்காரி, பிஎச்.டி. மாணவி. இரண்டு புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா, ஒட்டினால் எந்த இடத்தில் என்று கண்டுபிடிப்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் காந்தத்துக்குள் குழாயை இறக்கினால், சங்கிலிபோல் கோத்த முதல் புரதத்தின் ஒவ்வொரு கண்ணியும் கணினித் திரையில் ஒரு புள்ளியாக விழும். பிறகு இரண்டாவது புரதத்தைச் சேர்த்து இன்னொரு படம். எந்தப் புள்ளி நகர்கிறதோ அந்த இடத்தில் ஒட்டுகிறது என்று அர்த்தம்.

அடுத்த திங்கட்கிழமை அவளுக்கு ஜெர்மனியிலிருந்து போனில் நேர்காணல். அதற்கு முன் அவள் இந்தப் படத்தை அனுப்ப வேண்டும். படம் சரியாக இருந்தால் அங்கே வேலை.

புதன்கிழமை மாலை அவள் இரண்டு புரதங்களையும் உப்புநீர் மட்டும் புகுந்து வரும் தனித்தனிச் சவ்வுப் பைகளில் கட்டி, ஒரே குடுவை உப்புக்கரைசலில் மிதக்கவிட்டு, குளிர் அறையில் வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் வீட்டில் டம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தாலே அத்தை திட்டும். ஒன்று ஊறிய தண்ணீரில் இன்னொன்றா? அக்கா அவசரத்தில் மறந்திருப்பாள் என்று, ஒரு பையை எடுத்து வேறு குடுவையில் போட்டேன். கரைசல் போதாததால், அதே பெயர் எழுதிய பழைய பாட்டிலிலிருந்து ஊற்றினேன். காலையில் அவள் வருவதற்குள் பைகளை எடுத்துத் துடைத்து வைத்தாயிற்று.

வெள்ளிக்கிழமை அக்கா துள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு படங்களையும் பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் காட்டினாள். ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளும் நகர்ந்திருந்தன. புரதம் முழுசாகவே உருமாறியிருக்கிறது, இப்படி யாருமே பார்த்ததில்லை என்றாள். கரைசலின் புளிப்பு மாறினாலும் புள்ளிகள் இப்படித்தான் நகருமாம். ஆனால் இரண்டும் ஒரே குடுவையில் ஊறியதால் அந்தக் கவலையே இல்லையாம்.

நான் உடனே குளிர் அறைக்குப் போய்ப் பழைய பாட்டிலைப் பார்த்தேன். பெயர் அதேதான். கீழே எழுதியிருந்த புளிப்பு எண் 7.4. புதியதில் 6.5.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஜெர்மனிக்காரன் முன்னால் அக்காவின் மானம் போகும். சனிக்கிழமை காலை அவள் மின்னஞ்சலைத் தட்டிக்கொண்டிருந்தபோது பாட்டிலை மேஜைமேல் வைத்தேன்.

"அனுப்பாதக்கா. ரெண்டையும் நான் பிரிச்சி வெச்சிட்டேன்."

"ஏன்டி?"

"ஒண்ணோட எச்சி இன்னொண்ணுல படக்கூடாதுன்னு."

அக்கா பாட்டிலின் எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் சிவந்தது. நான் என் தோள்பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானேன்.

"அதுங்க ரெண்டும் ஒட்டுதான்னு பாக்க நான் ரெண்டு வருசமா சோறு தண்ணி துன்னாம அலஞ்சிக்கினு இருக்கேன். நீ தனிப் பந்தி போட்டு உக்கார வெச்சிட்டியா?" என்றவள் நாற்காலியில் சரிந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. மிச்சமிருந்த புரதம் ஒரே ஒரு தடவைக்குத்தான் வரும்.

அன்றைக்கே பைகளைக் கட்டி ஒரே குடுவையில் விட்டோம். ஞாயிற்றுக்கிழமை காந்தத்தில் இறக்கினோம். இந்தத் தடவை பெரும்பாலான புள்ளிகள் அசையவே இல்லை. ஏழு மட்டும் நகர்ந்தன. அக்கா விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஏழும் புரதத்தின் ஒரே பக்கத்தில், அக்கம்பக்கத்தில் இருந்தன. அங்கேதான் ஒட்டுகிறது.

திங்கட்கிழமை போனில், அந்த ஏழுதான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறாய் என்று கேட்டார்களாம். கரைசல் மாறினால் படம் எப்படிக் கெடும் என்பதையும் பார்த்துவிட்டோம் என்று சொல்லி, அக்கா தப்பான படத்தையும் அனுப்பியிருக்கிறாள். ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள்.

"அக்டோபர்ல வரச் சொல்ட்டாங்கடி லச்சுமி. தொண்ட காஞ்சிப்போச்சு, டீ வாங்கியா."

கேன்டீனுக்கு ஓடினேன். போன வேகத்தில் சர்க்கரை போடச் சொல்ல மறந்துவிட்டேன். அவள் அதைக் கவனிக்காமலே முழு டம்ளரையும் குடித்தாள்.