சமீபத்தில் திறந்தவை

என் தொழில் பிழை பார்ப்பது. மருந்துப் புட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் அச்சகத்தில் பதினெட்டு வருடமாக அதைத்தான் செய்கிறேன். பார்த்து முடித்த ஒவ்வொரு தாளிலும் என் கையெழுத்து இருக்கும். தப்பு நடந்தால் தாளைப் புரட்டினால் போதும், ஆள் சிக்கிவிடுவான். வீட்டில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை என்பதால்தான் அந்தச் சனிக்கிழமை எனக்கு அவ்வளவு தைரியம் வந்தது.

அன்று காலை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். முதியோர் இல்லத்தில் சேர்ப்பதற்கான விண்ணப்பம். சேர வேண்டியவர் என் அப்பா. அவருக்கும் தெரியாது, என் மனைவிக்கும் தெரியாது.

அப்பா என்ன தப்பு செய்தார் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தெருத் தெருவாக நடந்த கால், இன்றும் சும்மா இருக்காது. உடைந்த நடைபாதை, எரியாத தெருவிளக்கு, மூடியில்லாத சாக்கடை, எதைக் கண்டாலும் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கடிதம் தட்டுவார். தெருவில் அவருக்குக் 'கடிதாசி' என்றே பெயர். தட்டியதை என்னிடம் உரக்கப் படித்துக் காட்டுவார். நாளெல்லாம் பிழை பார்த்துவிட்டு வருகிறவனுக்கு வீட்டிலும் அதே வேலை. எனக்கு அலுத்துவிட்டது. இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஒன்று இருந்திருந்தால் இதைச் சொல்ல இவ்வளவு கூசாது.

விண்ணப்பத்தின் ஏழாவது கேள்வி, 'சேர்பவருக்கு மறதி உண்டா?' மறதி உள்ளவர்களுக்குத்தான் உடனே இடம் கிடைக்கும் என்று இல்லத்தில் சொல்லியிருந்தார்கள். கடிதாசிக்கு மறதியா? எந்தத் தெருவில் எந்த விளக்கு எந்தத் தேதியில் அணைந்தது என்று மூச்சு விடாமல் சொல்வாரே! பதில் போடாமல் விட்டேன். அந்த நேரம் பார்த்து, அப்பா குளித்து முடித்துக் குளியலறைத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. அவசரமாகச் சேமித்து மூடினேன். 'சமீபத்தில் திறந்தவை' என்ற பட்டியலில் முதல் ஆளாக 'இல்லம் சேர்க்கை' என்று என் குட்டு பல்லை இளித்துக்கொண்டு நின்றது. அதை மட்டும் எடுப்பதற்குப் பொறுமையில்லை. பட்டியலையே மொத்தமாகத் துடைத்துவிட்டு, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு எழுந்தேன்.

அப்பாவுக்கு அந்தப் பட்டியல்தான் கம்ப்யூட்டர் என்பதை நான் யோசிக்கவில்லை. ஃபோல்டர் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. கடிதத்துக்குப் பெயரும் வைக்க மாட்டார். முதல் வரியைக் கம்ப்யூட்டரே பெயராக எடுத்துக்கொள்ளும், பக்கத்தில் ஓர் எண்ணை மட்டும் இவர் சேர்ப்பார். 'ஐயா வணக்கம் 1', 'ஐயா வணக்கம் 2' என்று நாற்பத்தொன்று வரை அந்தப் பட்டியலில்தான் வரிசையாக நின்றன.

"டேய், இங்க வாயேன். என் லெட்டரையெல்லாம் காணோம்."

"சேவ் பண்ணீங்களாப்பா?" என்றேன்.

யோசிக்காமல் வந்த கேள்விதான். ஆனால் எல்லாக் கடிதமும் ஃபோல்டரில் பத்திரமாக இருப்பது எனக்குத் தெரியும்.

"பண்ணேன்." கொஞ்ச நேரம் வெறுந்திரையையே பார்த்தார். "பண்ணேன்னுதான் நினைக்கிறேன்."

கம்ப்யூட்டர் தானாக அழித்துவிட்டது என்று ஒரு சின்னப் பொய் சொல்லி, அப்போதே எடுத்துக் கொடுத்திருக்கலாம். நான் சொல்லவில்லை. அந்த 'நினைக்கிறேன்' காதில் விழுந்ததும் எனக்கு ஏழாவது கேள்வி ஞாபகம் வந்தது. பெற்ற அப்பா திகைத்துப்போய் நிற்கிறார், மகன் மனசுக்குள் 'உண்டு' என்று எழுதிப் பார்க்கிறான். இதை எந்தச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது.

"சாயங்காலம் பார்க்கலாம்ப்பா" என்றேன். சாயங்காலமும் பார்க்கவில்லை, மறுநாளும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அப்பாவின் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு முளைத்தது. அவர் குளிக்கப் போனபோது எடுத்துப் பார்த்தேன். 'மாத்திரை போட்டாச்சு, 8.10.' 'அடுப்பு அணைச்சாச்சு.' 'கதவு பூட்டினேன், ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.' நடக்கப் போவதையும் நிறுத்திவிட்டார். திரும்பி வர வழி தெரியாமல் போய்விடுமோ என்று பயமாம். நோட்டை எடுத்த இடத்திலேயே வைத்தேன். வாயை மட்டும் திறக்கவில்லை.

புதன்கிழமை சமையலறையில் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். தையல் கம்பெனியில் நாற்பது பேரை மேய்ப்பவள். யாருக்கும் கலங்காதவளுக்குக் குரல் உடைந்திருந்தது.

"மாமாவுக்கு என்னமோ ஆயிடுச்சுங்க. நேத்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டு, 'சரியாத்தானேம்மா சொன்னேன்?'னு கேக்கறார். எனக்கு அழுகையே வந்துடுச்சு. அந்தக் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் தேடிக் குடுங்களேன். எனக்கு அதுல ஒரு மண்ணும் தெரியாது."

"தேடிட்டேன். இல்ல" என்றேன். நாக்கு கூசவே இல்லை. அதற்கும் சேர்த்து இப்போது கூசுகிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். அவள் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. எனக்கு மறதி வந்துடுச்சு. நாப்பது லெட்டர் சேவ் பண்ணேன்னு சொல்றேன், ஒண்ணுகூட இல்ல. சேவ் பண்ணேனா, இல்ல நானே அழிச்சுட்டு மறந்துட்டேனான்னே தெரியல. நாளைக்கு அடுப்பைத் திறந்து விட்டுட்டேன்னா மருமகப் பொண்ணுக்கு ஆபத்து. நல்ல இல்லமா ஒண்ணு பாரு. நீ சொல்லச் சங்கடப்படுவே. அதான் நானே சொல்லிட்டேன்."

நான் விரும்பியது கேட்காமலே கைக்கு வந்துவிட்டது. தலையை ஆட்டினால் போதும். தலை ஆடவில்லை.

"எழுந்து வாங்கப்பா" என்றேன்.

ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். அப்பா திரையில் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். "நாப்பத்தொண்ணு! அப்போ நான் சேவ் பண்ணித்தான் இருக்கேன். ஒண்ணையும் அழிக்கல." சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்புறம் அந்த லிஸ்ட் எப்படிடா போச்சு?"

"நான்தான் அழிச்சேன்."

"ஏன்?"

விண்ணப்பத்தைத் திறந்துவிட்டு நகர்ந்து நின்றேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தக் காலத்தில் மீட்டர் படித்த மாதிரி குனிந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். மூன்றாவது வரியில் நின்றார். "என் பிறந்த தேதி இது இல்லடா. பன்னெண்டு. நீ இருபத்தொண்ணுன்னு போட்டிருக்கே." காலாவதித் தேதி சரிபார்த்தே சோறு தின்கிறவன் நான். காது சுட்டது.

ஏழாவதுக்கு வந்தார். காலி இடத்தை விரலால் தொட்டார்.

"போன சனிக்கிழமை எழுதினதா?"

"ஆமாம்ப்பா."

"இதுக்கு மட்டும் பதில் போடாம விட்டிருக்கே. போட்டுடலாம்னுதான் ஒரு வாரமா என்னைப் பார்த்துக்கிட்டிருந்தியா?"

ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் தேவலை. கூனிக் குறுகி நின்றேன்.

மாடிப்படியில் என் மனைவியின் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா பரபரவென்று விண்ணப்பத்தை மூடினார். காலியாகக் கிடந்த பட்டியலில் அது ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது.

"இதை மட்டும் எப்படிடா எடுக்கிறது? சீக்கிரம் சொல்லு. அவ பார்த்தா உன்னை மதிக்கமாட்டா."

காட்டிக் கொடுத்தேன். பெயரின் மேல் மவுஸ் அம்பை வைத்து வலது பொத்தான், பிறகு 'பட்டியலிலிருந்து நீக்கு'. அவரே அழுத்தினார். இரண்டு விநாடி வேலை. அதைச் செய்யத்தான் அன்று எனக்குப் பொறுமையில்லாமல் போனது.

கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் மனைவி எட்டிப் பார்த்தாள். "மாமா! எல்லாம் கிடைச்சுடுச்சா?"

"கிடைச்சுடுச்சும்மா. எனக்கு ஒண்ணுமில்ல. உன் புருஷன்தான் விடாம தேடிக் கண்டுபிடிச்சுக் குடுத்தான்" என்றார் அப்பா.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை பெருமை. என்னால் தாங்க முடியவில்லை. இல்லை, அப்படி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். மேசை மறைவில் அப்பா என் காலை அழுத்தி மிதித்தார்.