பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை

அந்தப் பெண்ணுக்கு வாய் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னை மட்டும் கெட்டவன் என்று பேசக்கூடாது.

அரிமளத்தில் பதினோரு வருடமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ, லேப்டாப் சர்வீஸ். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். சட்டைப் பையில் இருக்கும் பென்டிரைவைச் சொருகி விண்டோஸ் ஏற்றிக் கொடுப்பேன். ஆறு மாதத்தில் வைரஸ் புகுந்து மறுபடியும் வரும், மறுபடியும் ஏற்றுவேன். பிழைப்பு அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அதில் மண்ணைப் போட்டவள் சத்யபிரியா. மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். இந்த வருடம்தான் எம்.சி.ஏ. முடித்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பைத் தானே கழற்றி, பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு வேகமான எஸ்.எஸ்.டி. மாட்டி, விண்டோஸைத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டு வைத்திருந்தாள். லினக்ஸ் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அதுவும் விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுகிற சமாச்சாரம்தான். காசு கிடையாது, வைரஸ் அவ்வளவாக அண்டாது, கிழட்டு மிஷினிலும் ஓடும். எனக்கு ஆகாத மூன்றும் அதில் இருந்தன.

தன் லேப்டாப்போடு அவள் நின்றிருந்தால் எனக்கென்ன வந்தது? ஊரில் பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் சும்மாவே போட்டுக் கொடுக்க ஆரம்பித்தாள். லினக்ஸில் நூறு வகை இருக்கிறது. இன்னாருக்கு இன்ன வகை என்று ஆளையும் மிஷினையும் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பாளாம். மெமரி குறைவு என்றால் ஒன்று, படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று, தமிழில் மட்டும் தட்டுகிறவர்களுக்கு ஒன்று. டாக்டரம்மா கெட்டாள்.

அப்புறம் பால் சொசைட்டி. அவர்கள் ஊர் சொசைட்டி கம்ப்யூட்டர் என் வாடிக்கை. அது திரை கறுத்து நின்றபோது செயலாளர் எனக்கு ஒரு போன், அவளுக்கு ஒரு போன் போட்டிருக்கிறார். நான் போய் இறங்கும்போது அவள் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். பால் ஊற்ற வந்த பத்துப் பேர் நிற்கிறார்கள். அவர்கள் காதில் விழ என்னைக் காட்டிச் சொன்னாள்:

"இது திருட்டு விண்டோஸுங்க. அண்ணனக் குத்தம் சொல்லாதீங்க, அவருக்கு வேற தெரியாது, பாவம்."

திருடன் என்று மட்டும் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். பாவம் என்றாள். ஒரு கிழவர் பால் கேனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அன்றைக்கே அதிலும் லினக்ஸ் ஏற்றிவிட்டாள். எட்டு மாதம் ஆகிறது, அந்தக் கம்ப்யூட்டர் ஒருநாள்கூட நிற்கவில்லை. அந்த எட்டு மாதமும் எனக்கு வயிறு எரிந்தது.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராதா? வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு ஸ்கூட்டி வந்து நின்றது. சத்யபிரியா லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். பின்னால் அவள் அம்மா பொன்னுத்தாய். நூறு நாள் வேலைக்குப் போகிற பொம்பளை, நெற்றி நிறைய திருநீறு.

"அண்ணே, அவசரம். விண்டோஸ் போடணும்."

எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. "யாருக்கு?" என்றேன்.

"எனக்குத்தாண்ணே."

சென்னையில் ஒரு பெரிய கம்பெனி. காலேஜில் இருநூறு பேர் எழுதி வடிகட்டியதில் இவள் ஒருத்திதான் மிச்சம். கடைசிப் பரீட்சை வீட்டிலிருந்தே கேமரா முன்னால் எழுத வேண்டும். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஆரம்பம், பத்து நிமிடத்துக்குமேல் தாமதித்தால் உள்ளே விடாது. அதற்கான மென்பொருளை முந்தின நாள் ராத்திரிதான் மெயிலில் அனுப்பியிருக்கிறார்கள். அது விண்டோஸில் மட்டும்தான் ஓடுமாம்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இருந்தாலும் அவள் வாயாலேயே கேட்க ஆசை. டீ சொன்னேன். "லினக்ஸுலயே ஓட்டப் பாக்க வேண்டியதுதான? ஒனக்குத் தெரியாததா?" என்றேன்.

"பாத்தேண்ணே. விண்டோஸ் புரோகிராம லினக்ஸுல ஓட்டுறதுக்கு ஒண்ணு இருக்கு, அதுல தொறந்தவொடன மூடிக்கிருச்சு. லினக்ஸுக்குள்ளயே பொய்யா ஒரு கம்ப்யூட்டர் உண்டாக்கிப் பாத்தேன், அதையும் கண்டுபிடிச்சு வெளிய தள்ளிருச்சு. விண்டோஸ எறக்கலாம்னா அஞ்சு ஜிபி, போன்ல ஒரு நாளைக்கு ஒண்ணரைதான் வருது."

"அப்ப லினக்ஸு ஆகாதுங்கிற."

அவள் என்னைப் பார்த்தாள். "இதுக்கு ஆகாதுண்ணே," என்றாள்.

"சத்தமாச் சொல்லு, மிஷின் சத்தத்துல கேக்கல."

"லினக்ஸு ஆகாதுண்ணே," என்று சத்தமாகவே சொன்னாள். ஜெராக்ஸுக்கு நின்ற வாத்தியார் திரும்பிப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அத்தோடு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். வாத்தியாருக்கு நாற்பது பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, அவள் லேப்டாப்பை வாங்கி மேஜையில் வைத்தேன். பென்டிரைவுக்காகப் பைக்குள் கையை விட்டபோது எதிர்ச் சுவரில் தினசரி காலண்டர் கண்ணில் பட்டது. வெள்ளி, ராகு பத்தரை டு பன்னிரண்டு. கடிகாரத்தில் பத்து இருபத்தெட்டு.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் அப்பா கந்தர்வக்கோட்டைப் பக்கம் கறுப்புச் சட்டைக்காரர். எனக்குச் செம்மல் என்று பெயர் வைத்ததும் அவர்தான், வேண்டுமென்றே ராகு காலம் பார்த்து எனக்குக் கல்யாணம் செய்துவைத்ததும் அவர்தான். இருபது வருடமாக நன்றாகத்தான் இருக்கிறேன். இந்தக் கடையைத் திறந்ததுகூட எமகண்டத்தில். இதெல்லாம் பொன்னுத்தாய்க்குத் தெரியாது.

"அடடா," என்றேன், கையை வெறுமனே வெளியே எடுத்துக்கொண்டு. "ராகு காலம் பொறக்குதேக்கா. புதுசா ஒண்ணு ஏத்துறோம். அதுவும் பிள்ளை வேலைக்குப் போற காரியம்."

பொன்னுத்தாய் எழுந்தே விட்டாள். "ஆமா தம்பி. வந்த பதட்டத்துல நானும் மறந்துட்டேன்."

"அம்மா, பன்னெண்டுக்குப் பரீட்சைம்மா," என்றாள் மகள். "இருவது நிமிச வேலை. அண்ணே, இப்பவே போடுங்கண்ணே."

"எனக்கென்னம்மா, சொருகுனா ஏறப் போகுது. நாளைக்கு ஒண்ணுன்னா அன்னைக்குச் செம்மல்தான் போட்டான்னு அக்கா மனசுல நிக்கும்ல."

"பென்டிரைவ மட்டும் குடுங்க. நானே போட்டுக்கிறேன்."

"கை மாத்துறதும் ஆகாதுல்லக்கா?" என்று தாயைத்தான் கேட்டேன்.

"ஆகாது தம்பி," என்றாள் பொன்னுத்தாய்.

உங்கள் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன் என்றாள். கேமரா ரிப்பேர் என்றேன். பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற கேமரா நல்லபடியாக டிராயருக்குள் கிடந்தது. புதுக்கோட்டை பஸ் வந்து நின்றது. "வாம்மா, டவுனுக்குப் போயிருவோம், அங்கிட்டு எதாச்சும் கடை இருக்கும்," என்று தாயின் கையைப் பிடித்து இழுத்தாள்.

பொன்னுத்தாய் அசையவில்லை. "ஒங்கப்பன் இதே மாதிரிதான்டி கெளம்புனாரு. ஜெகதாப்பட்டினத்துக்கு ஐஸ் லோடு. வெள்ளிக்கிழமை பதினோரு மணி. வேணாம், அரை மணி நேரம் பொறுத்துப் போங்கன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே போனாரு, திரும்பி வரல. ஒன்னையும் நான் அனுப்ப மாட்டேன்."

அந்த விஷயம் எனக்குத் தெரியாது. கேட்டதும் உள்ளே என்னவோ போல் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த நிமிடம் பென்டிரைவை எடுத்துக் கொடுத்திருக்கலாம். பால் கேனைக் கீழே வைத்துச் சிரித்த கிழவரின் முகம் குறுக்கே வந்தது. "அக்கா சொல்றது நியாயந்தானம்மா," என்றேன். பஸ் போய்விட்டது.

பொன்னுத்தாய் லேப்டாப்பை மூடி மடியில் வைத்து, மூடியின்மேல் இரண்டு கைகளையும் விரித்து அழுத்திக்கொண்டாள். மகள் எதிரே நின்றாள். பதினொன்றேகால் ஆனது. பதினொன்றரை ஆனது. கெஞ்சினாள், இங்கிலீஷில் ஏதோ முணுமுணுத்தாள், ஒரு தடவை லேப்டாப்பைப் பிடுங்கப் பார்த்தாள். தாய் அவள் கையில் ஓர் அடி போட்டாள். பிறகு தாயும் அழுதாள், "ஒன் நல்லதுக்குத்தான்டி" என்று. நான் ஓர் ஆதார் கார்டுக்கு லேமினேஷன் போட்டேன். யாரோ விண்டோஸ் போட எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். பதினொன்று ஐம்பதுக்கு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். சுவரோரம் தரையில் உட்கார்ந்து போனில் மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு அடித்ததும் பொன்னுத்தாய் லேப்டாப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி என்னிடம் கொடுத்தாள். பென்டிரைவைச் சொருகினேன். லினக்ஸும் அதில் இருந்த அவளுடைய அத்தனையும் துடைபட்டு, பதினெட்டே நிமிடத்தில் விண்டோஸ் ஏறிவிட்டது. அவ்வளவு சீக்கிரம் ஏறும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. பரீட்சை மென்பொருளையும் என் கடை நெட்டிலேயே இறக்கித் திறந்து கொடுத்தேன். தேர்வுக்குள் நுழையும் நேரம் முடிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்தது. பொன்னுத்தாய்க்கு அதைப் படிக்கத் தெரியாது. திரை வெளிச்சமாக இருந்ததைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டாள், பக்கத்துக் கடையில் தண்ணீர் குடிக்கப் போனாள்.

அப்போதுதான் சத்யபிரியா எழுந்து வந்தாள். கண்ணீரெல்லாம் காய்ந்திருந்தது.

"ஒங்களுக்கு ராகு காலத்துல எல்லாம் நம்பிக்கை கெடையாதுல்லண்ணே?"

"கெடையாது," என்றேன்.

"பால் சொசைட்டியில சொன்னதுக்கா?"

"ஆமா."

தலையை ஆட்டிக்கொண்டாள். கத்துவாள், அழுவாள், தாயைக் கூப்பிட்டுச் சொல்வாள் என்று காத்திருந்தேன். என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். பொன்னுத்தாய் முந்தானையால் வாயைத் துடைத்தபடி உள்ளே வந்தாள்.

"என்னடி, எழுதலாமா?"

இந்த வருடம் படித்து முடித்தவர்களை மட்டும்தான் அந்தக் கம்பெனி எடுக்கும். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் தாயின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தாய் ஒன்றரை மணி நேரம் லேப்டாப்பை அழுத்தியிருந்ததில் உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன.

"இன்னைக்குப் பரீட்சைய ஒத்தி வச்சுட்டாங்களாம்மா," என்றாள். "அடுத்த வருசம் எழுதிக்கலாம்னு வந்திருக்கு."

"பாத்தியா?" என்றாள் பொன்னுத்தாய், முகமெல்லாம் மலர்ந்து. "நான் என்ன சொன்னேன்? அந்த நேரத்துல போட்டிருந்தா இன்னும் என்னென்ன வந்திருக்குமோ." பிறகு என் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் கூப்பினாள். "நேரங்காலம் பாத்துச் செய்யிற மனுசன் இந்தக் காலத்துல யாரு இருக்கா தம்பி. அடுத்த வருசமும் ஒங்ககிட்டத்தான் கூட்டியாருவேன்."

சத்யபிரியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"வாங்கக்கா," என்றேன்.