நாலாவது தோள்

வாத்தியார் நல்லகாமன் சாகும்போது அவருக்கு வயது இருபத்தாறு. அவரிடம் அரிச்சுவடி படித்த எனக்கு முப்பத்துநாலு. செல்லூரில் நூல் மூட்டை தூக்குகிறவன் நான். பள்ளிக்கூடம் விட்டு, பொழுது சாய்ந்ததும் எங்கள் சந்துக்கு வந்து, என்னைப்போல ஏழெட்டுத் தடியன்களை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக் கொடுப்பார். "அம்புட்டுப் பெரிய மூட்டையத் தூக்குறீகண்ணே, இந்தச் சிலேட்டுக் குச்சி கனக்குதாக்கும்?" என்று கேலி பண்ணுவார். இன்றைக்கு நான் இதை எழுதுவதே அவர் என் கையைப் பிடித்து ஓட்டியதால்தான். பாடம் முடிந்தால் வாத்தியாராவது மண்ணாவது, என் தட்டில் பாதிச் சோறு அவருக்கு. என் பெண்சாதி மாயக்காள் அவரைத் தம்பி என்றே கூப்பிடுவாள்.

அந்த வைகாசியில் சந்துக்குள் காலரா புகுந்தது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டோம். அவர் மட்டும் வெந்நீரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். நாலாம் நாள் அவரே படுத்தார். வண்டியில் சமயநல்லூருக்கு, தாய் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலையில் சாவுச்சேதி வந்தது.

நானும் மாயக்காளும் நடந்தே போனோம். வழி நெடுக அழுதேன். அது பொய்யழுகை இல்லை. ஆனால் பாடையையும் சுற்றிக் கொட்டியிருந்த சுண்ணாம்பையும் பார்த்ததும் அழுகை நின்று பயம் பிடித்துக்கொண்டது. தெருவில் பாதிக் கதவு திறக்கவில்லை. தூக்க மூன்று பேர்தான் நின்றார்கள்.

அவருடைய தாய்மாமன் உக்கிரபாண்டி என் தோளைப் பார்த்தார். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன தோள். வலிக்கிறது என்று சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

"வாய்யா சோணை. நாலாவது ஆளு நீதான்."

"இல்ல மாமா..." என் நாக்கு தானாக ஓடியது. "என் வீட்டுல முழுகாம இருக்கா."

பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் பிணம் தூக்கக்கூடாது. எங்கள் பக்கம் அதற்கு மறுபேச்சே கிடையாது. உக்கிரபாண்டி பதறிப்போனார்.

"அட, மொதல்லயே சொல்லக்கூடாதாய்யா? தள்ளி நில்லு. அந்தப் புள்ளயவும் இங்க கூட்டிட்டு வந்திருக்கியே!"

அறுபது வயதுக்காரர், தாமே நாலாவது முனைக்குக் குனிந்தார். பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே தெருவைத் தாண்டிப் போனது.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். ஒரு பிள்ளைகூட இல்லை. பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மாயக்காள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். எழுந்து நின்றாள்.

வாத்தியாரின் தாய் சீனியம்மாள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள்.

"நெசமாவா சோணை? மாயக்காளுக்கு ஒரு புள்ள பொறக்கணும்னு எம்மகன் எம்புட்டு ஏங்குனான்! அவங்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேன் ஆத்தா. சிரிச்சாரு."

அந்தப் பொய்க்கு அவள் முகம் தெளிந்தது. அதைப் பார்த்ததற்கே என் கண் அவிந்து போயிருக்கலாம்.

"இங்க நிக்காதீக. ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க. ஆம்பளப் புள்ளயாப் பொறந்தா அவம் பேர வைங்க தாயி."

"வைக்கிறோம் ஆத்தா" என்றாள் மாயக்காள்.

திரும்பும்போது அவள் எனக்கு முன்னால் நடந்தாள். ஆரப்பாளையம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "ஒங்களக் காட்டிக்குடுக்கத்தான் எந்திரிச்சேன். அந்த ஆத்தா மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்ல முடியல."

உண்மையைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அப்புறம் எத்தனையோ தடவை கிளம்பினேன். ஒரு நாளும் பாதி வழி தாண்டவில்லை. சீனியம்மாள் காலில் விழுவதைவிட முதுகொடிய மூட்டை தூக்குவது எனக்குச் சுலபமாக இருந்தது.

தை மாதத்தில் அவளே வந்துவிட்டாள். கையில் ஒரு துணிப்பொட்டலம். மகனுடைய பழைய வேட்டிகளை வெந்நீரில் அலசி, கிழித்து, மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"புதுத்துணி பச்சப்புள்ளைக்கு ஆகாது. இது மெத்துனு இருக்கும். எங்கய்யா என் நல்லகாமன்?"

மாயக்காள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தங்கல ஆத்தா."

சீனியம்மாள் பொட்டலத்தை மடியில் வைத்தபடி தரையில் உட்கார்ந்தாள். பிறகு மகனுக்காக வைத்த அதே ஒப்பாரியை, அதே பேரைச் சொல்லி, முதலிலிருந்து எடுத்தாள். மாயக்காள் அவளைக் கட்டிக்கொண்டு கூடவே அழுதாள். ஒன்பது வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

சத்தம் கேட்டுச் சந்தே திரண்டு வந்தது. "யாரு சோணை செத்தது?" என்று என்னைக் கேட்டார்கள்.

அதற்கு மட்டும் நான் பொய் சொல்லவில்லை. "வாத்தியாரு" என்றேன்.