கண்டாக்கு போட்ட முட்டை

அட்டன் டவுனில் வாங்கி வந்த இரண்டு ஏஞ்சல் மீன்களைச் சர்மிளா தோட்டத்து லய வீட்டின் முன்னறையில், கண்ணாடித் தொட்டியில் வளர்த்தாள். தென்னமெரிக்க ஆற்று மீன்கள். திம்புள்ளைத் தேயிலை மலையின் குளிர் அவற்றுக்கு ஆகாது.

"உசிரோட இருக்கிறதே பெருசு, இதுல குஞ்சு வேறயா?" என்று அவள் கணவன் விஜிதரன் கிண்டலடித்தான். குஞ்சு எடுத்தே காட்டுவேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

பெரிய மீன் சின்னதை மூலைக்கு மூலை விரட்டும். மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களை விரட்டி வேலை வாங்கும் மேற்பார்வையாளர், கண்டாக்கு றோலண்டின் குணம் அப்படியே இருந்ததால், அதற்கும் கண்டாக்கு என்றே பெயர் வைத்தாள். விரட்டுவது ஆணாகத்தானே இருக்கும்! தோட்டத்தில் அவள் வேறு என்னத்தைக் கண்டாள்?

ஒரு ஞாயிறு காலை, அந்தக் கண்டாக்கு தொட்டிச் செடியின் இலையில் வரிசையாக முட்டை போட்டது. சின்னது பவ்வியமாகப் பின்னாலேயே போனது. லயமே கூடிச் சிரித்தது.

"கண்டாக்கு மாசமா இருந்தத நீ கவனிக்கலையா?" என்றான் விஜிதரன்.

அன்று மத்தியானமே காற்றுக்கு மரம் விழுந்து கரண்டு போனது; தொட்டியைச் சூடாக்கும் ஹீட்டரும் நின்றது. சூடு குறைந்தால் முட்டை அத்தனையும் பாழ். சர்மிளாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கம்பளியைத் தொட்டியைச் சுற்றிக் கட்டினாள். சுடுதண்ணீர்ப் போத்தல்களை மிதக்கவிட்டு, ஆற ஆற மாற்றினாள். கிண்டலை மூட்டை கட்டிவிட்டு, விஜிதரன் அடுப்பை அணையாமல் பார்த்துக்கொண்டான்.

கரண்டு வந்தது. முட்டைகளும் தப்பின. இலை நிறைய குட்டி வால்கள் துடித்த அன்றுதான், விஷயம் காதுக்கு எட்டி றோலண்ட் வந்து நின்றார். சர்மிளா அவசரமாக முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்தாள்.

"இதுல யாரு கண்டாக்கு?"

"முட்ட போட்டதுங்க, கண்டாக்கையா."

அவர் குனிந்து கண்ணாடியில் விரல் வைத்தார். பெரிய மீன் குஞ்சுகளை மறைத்துக்கொண்டு விரலை நோக்கிப் பாய்ந்தது. அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மறுநாள், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் எல்லோரும் கூடியதும் தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. எனக்குக் குஞ்சு பொரிச்சிருக்கு. இந்தக் குளிருல காப்பாத்தி எடுத்தது நம்ம சர்மிளா."

பெரட்டே சிரிப்பில் அதிர்ந்தது. சர்மிளா இந்த முறை முக்காட்டை இழுத்து முகத்தை மறைக்கவில்லை. "தாயும் புள்ளைங்களும் சுகமா இருக்காங்க, கண்டாக்கையா!" என்றாள், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.